கம்பி அறுந்த ஷபாத்

நவம்பர் 3, ஞாயிறு

மன்னித்துக்கொள், நோட்டே. மறுபடியும் ஊர் அடங்கிய பிறகுதான் உன்னைத் திறக்கிறேன். நொகா இப்போதுதான் தூங்கினாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கணவன் எல்கானாவைக் கேட்டால், "எங்க வீட்டுப் பக்கம் யாரும் அப்படி இல்லையே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தெல் ரோத்தெம் ஊரின் இளைஞர் கல்விப் பொறுப்பாளர் வேலை. பத்து வயதில் இளைஞர் இயக்கத்தின் உள்ளூர்க் கிளைக்குள் நுழைந்தவள் நான். பதினைந்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் குழுத் தலைவி. பேர்ஷெவா கல்லூரியில் கல்வியியல் படித்த வருடங்களிலும் ஒவ்வொரு செவ்வாயும் பேருந்து பிடித்துக் கிளைக்கு வந்துவிடுவேன். இப்போது கிளையே என் பொறுப்பு. அடுத்த படி இதுதான். எனக்கு இது வேண்டும். எழுதவே பயமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்: வேண்டும்.

இதற்கு நடுவில் இரண்டு முறை எழுந்து போய் நொகா மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். விடுகிறாள்.

நவம்பர் 6, புதன்

நொகாவுக்குக் கீழே ஒரு பல். யாரிடமும் விடாமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

நேர்காணல் முடிந்தது. கமிட்டித் தலைவர் மக்லூஃப் ஒஹானா, பேர்ஷெவாவிலிருந்து வந்த கல்வி அதிகாரி பினினா, இன்னும் இரண்டு பேர். எனக்கு முன்னால் உள்ளே போனவன் தோரோன் என்று ஒருவன், தெல் அவீவ்காரன். பளபளவென்று சட்டை. கணினியில் படம் படமாகக் காட்டினானாம். வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "நீங்க டீ குடுக்கறவங்களா?" என்று கேட்டான். இல்லை, உன் எதிராளி என்று சொல்ல வாய் வரவில்லை. டீ எங்கே இருக்கிறது என்று காட்டினேன்!

மக்லூஃப் நான் டயாபர் போட்டுத் திரிந்த நாளிலிருந்து என்னை அறிந்தவர். அதுதான் தொல்லை.

"மகளே, நீ நல்லா செய்வே, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா குழந்தைய ஒரு நிமிஷம் கீழ விட மாட்டேங்கிறியாமே? இது ஊர் முழுக்க ஓடற வேலை. குழந்தைய யாருகிட்டயும் நம்பி விடாதவ, ஊரு பிள்ளைங்கள எப்படி மத்தவங்கள நம்பச் சொல்லித் தருவே?"

நான் ஏதோ உளறினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. முகம் சுட்டது மட்டும் நினைவிருக்கிறது.

பினினாதான் காப்பாற்றினாள். "பேச்ச விடுங்க. வேலையப் பாப்போம். கிளையோட பெரிய ஷபாத் எப்போ?"

23ஆம் தேதி என்றேன். அன்று பிற்பகல் கமிட்டி சார்பில் மக்லூஃபும் பினினாவும் கிளைக்கு வருகிறார்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை ஷபாத் ஓய்வு, வண்டி ஓட்டக் கூடாது; அதனால் பினினா மக்லூஃப் வீட்டிலேயே தங்குகிறாள்.

சரி. மண்டபத்தை நிறைத்துக் காட்டுகிறேன். சுவரே தெரியாதபடி ஜனம்.

நவம்பர் 14, வியாழன்

வருடா வருடம் இந்த ஒரு மாதம் கிளைப் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடிக்கும். சுவரெல்லாம் புதுப் பெயிண்ட், அணிவகுப்பு, நாடகம். கடைசியில் அந்த ஷபாத். அது முடிந்த இரவு, மூத்த குழுவுக்குப் புதுப் பெயர் கிடைக்கும். கம்பியை எழுத்துகளாக வளைத்து, சாக்குத் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் முக்கி, அந்தப் பெயரைக் குன்றின்மேல் தீயில் எழுதுவோம். என் குழுவின் பெயர் எரிந்த இரவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்த வருடம் எழுத்துகள் ஷிலாத்தின் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு, என் குழுத் தலைவிகளில் மூத்தவள். ஆள் உயரத்துக்கு எழுத்து வேண்டுமாம். "கம்பி போதாது" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொள், உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். என் வழி அதுதான். கொடுத்தால் முழுசாகக் கொடுப்பது.

(நொகா விஷயத்தில் தவிர. ஆமாம், மக்லூஃப், கேட்கிறது.)

நவம்பர் 19, செவ்வாய்

நாடகத்தில் மோசேயாக நடிக்கும் பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேதத்து மோசேயும் திக்குவாய்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

ஷபாத்துக்காக இரவெல்லாம் வேகும் தஃபீனா குழம்புப் பானையை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. ஷபாத் தொடங்கும் சங்கு ஊதினால் பேனாவைத் தொட முடியாது. அதற்குள் எழுதிவிட வேண்டும்.

மதியம் ஷிலாத் ஓடி வந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

"ருஹாமா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

கிளைக்குப் பின்னால் குன்றில் பழைய கம்பி ஒன்று போகிறதே, மேட்டில் ஏறினால் கைக்கு எட்டுமே — அதை வெட்டி எழுத்துகளுக்கு வளைத்துவிட்டாள். புதுக் குடியிருப்பு வந்ததும் ஏரூவ் அந்தப் பக்கம் வேலியோடு போய்விட்டது, இது பயனில்லாத கம்பி என்று நினைத்தாளாம். இன்று சாப்பிடும்போது அவள் அப்பா பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், புது வேலை இன்னும் முடியவில்லை, பழைய கம்பிதான் இன்னும் ஏரூவ் என்று.

ஏரூவ். ஊரைச் சுற்றி ஓடும் அந்த ஒற்றைக் கம்பி. அது முழுசாக இருந்தால் ஷபாத்தில் ஊரே ஒரு வீடு மாதிரி. அறுந்தால், ஷபாத் விதிப்படி வாசலைத் தாண்டி ஒரு கைக்குட்டைகூட எடுத்துப் போகக் கூடாது. தள்ளுவண்டி கூடாது. சக்கர நாற்காலி கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கக் கூடாது. ஊரிலுள்ள அத்தனை இளம் தாய்மாரும் நாளை முழுக்க வீட்டுக்குள். என்னையும் சேர்த்து.

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "ஏரூவப் பாத்துக்கற மசூத் காலையிலயே, நான் வெட்டறதுக்கு முன்னாடியே, கம்பி சுத்திப் பாத்துட்டுப் போயிட்டாரு. இனிமே அடுத்த வாரம்தான் வருவாரு. யாருக்கும் தெரியாது, ருஹாமா. தெரியாம செஞ்சா அவங்க மேல தப்பும் இல்லையே…"

பொய் சொல்ல மாட்டேன், நோட்டே. நானும் யோசித்தேன். நொகா என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாளை கமிட்டி வருகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் தள்ளுவண்டிகளும் தாய்மாரும் பிள்ளைகளுமாக மண்டபம் நிறையும். வாயைத் திறந்தால் — "உன் பிள்ளைங்கதானே வெட்டினது?"

ஷிலாத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. இன்று நான் என்ன செய்கிறேனோ அதைத்தான் இவள் நாளை செய்வாள்.

ஊர் மதகுரு ரப்பிக்கு ஃபோன் செய்தேன். அப்புறம் மசூத்துக்கு. அவர் கத்தினது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "எழுத்து எழுதினீங்களா? என் கம்பியிலயா? எழுதத் தாள் கெடைக்கலையா?" வண்டியைப் போட்டுக்கொண்டு குன்றுக்கு ஓடினார். காற்று. ஒரு கம்பம் ஓடைப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஷபாத்துக்குள் கட்டி நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை.

இப்போது ஒலிபெருக்கி வண்டி தெருவில் போகிறது. "ஏரூவ் அறுந்துள்ளது… இளைஞர் கிளையின் தவறால்…"

கிளையின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா?

சங்கு. மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும்.

நவம்பர் 23, சனி, ஷபாத் முடிந்தபின்

எங்கிருந்து தொடங்குவது? வரிசையாகவே எழுதுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

நேற்று ஜெபக்கூடத்திலிருந்து எல்கானா வந்தான். இடுப்புப் பட்டையில் வீட்டுச் சாவியையே கொக்கியாகக் கோத்துக் கட்டியிருந்தான். கையில் எடுத்துப் போகக் கூடாதே. முகத்தில் சிரிப்பு.

"உன் பேரு பிரபலமாயிடுச்சு."

"என்ன சொல்றாங்க?"

"பாதிப் பேரு திட்டறாங்க."

"மீதி?"

"மீதிப் பேருக்குக் காது மந்தம். என்னன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அப்புறம் திட்டறாங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சாப்பாடு முடிந்ததும் கதவு தட்டினார்கள். என் குழுத் தலைவர்கள் அத்தனை பேரும். கடைசியில் ஷிலாத், கண் வீங்கி. எவ்யதார் மட்டும் எப்போதும் போல: "கையில எதுவும் எடுத்துட்டு வரல, ருஹாமா. அவமானம் ஒண்ணுதான். அத எடுத்துட்டு வரலாமான்னு ரப்பிகிட்ட கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார்கள். திட்டப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நாளைக்கு யார் யாரு வீட்ல மாட்டிக்கிட்டு இருப்பாங்க?"

ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மருந்துக்கடைக்கு மேல் வீட்டில் கைக்குழந்தைக்காரி. முடிவெட்டுபவரின் மனைவி, மூன்று பிள்ளைகள். மக்லூஃபின் மருமகள் ஒரேலி, இரட்டைக் குழந்தைகள். சக்கர நாற்காலியில் இருக்கும் கணக்கு வாத்தியார். "நீங்க" என்றாள் ஒருத்தி. நான் என்னைக் கணக்கில் சேர்க்கவே மறந்திருந்தேன்.

ஷிலாத் தலை நிமிரவில்லை, ஆனால் சொன்னாள்: "அவங்க வெளிய வர முடியாதுன்னா… நாம உள்ள போலாமே. குழந்தைங்கள நாம பாத்துக்கிட்டா, அவங்க வெறும் கையோட வெளிய வரலாம். வெறும் கைய வீசிட்டு நடக்கறதுக்குத் தடை இல்லையே."

எவ்யதார் அவளைப் பார்த்தான். "எல்லாரும் வீடு வீடாப் போயிட்டா, கமிட்டி வர்றப்போ கிளையில யாரு இருப்பா?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. இந்த மாதம் முழுக்க நான் எதற்காக ஓடினேனோ அது அந்த மண்டபம்.

"காலியா இருக்கட்டும்" என்றேன்.

ஷபாத்தில் எழுத முடியாது, ஃபோன் கிடையாது. யார் எந்த வீட்டுக்கு என்பதை மனப்பாடம் செய்தார்கள். நாங்கள் முகாமில் பாடும் ஒரு மெட்டில் பெயர்களைப் போட்டுப் பாடிப் பாடி. நொகா எழுந்து கை தட்டினாள். காலையில் வழிபாடு முடிந்ததும் அந்தப் பாட்டு ஒவ்வொரு படிக்கட்டாக ஏறியிருக்கிறது. சின்னப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் தன் வீடு எது என்று தெரிந்தது.

பிற்பகலில் ஷிலாத் என் கதவைத் தட்டினாள்.

"உனக்கு மருந்துக்கடை வீடுல்ல?"

"மாத்திக்கிட்டேன். நீங்க கமிட்டியப் பாக்கப் போணும்ல?" அப்புறம், குரல் இறங்கி: "வேணாம்னா சொல்லிடுங்க. கம்பிய வெட்டினவ நான். என்கிட்டயா குழந்தையக் குடுப்பீங்க?"

எல்கானா தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். கை ஒரு நிமிடம் நொகாவை இறுக்கிப் பிடித்தது. நானே பார்த்தேன், என் கைதான்.

கொடுத்துவிட்டேன். "உங்கிட்டத்தான்" என்றேன்.

படியிறங்கும்போது நொகா அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினேன். அழவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

தெருவில் இறங்கியதும் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. பை இல்லை, வண்டி இல்லை, குழந்தை இல்லை. பின்னால் கட்டினேன், முன்னால் கட்டினேன். கடைசியில் வீசிக்கொண்டு நடந்தேன்.

மண்டபத்தில் புதுப் பெயிண்ட் வாசனை. வரிசையாக நாற்காலிகள். ஓர் ஆள் இல்லை. மக்லூஃபும் பினினாவும் நடுவில் நின்றிருந்தார்கள். மக்லூஃப் மணிக்கட்டில் கைக்குட்டையைக் கட்டியிருந்தார், உடையாகக் கணக்காகட்டும் என்று. அதை அவிழ்க்காமலே நெற்றியைத் துடைத்தார்.

"எங்கம்மா ஜனம்? நீயும் பெயிண்டு டப்பாவுந்தான் இருக்கீங்க."

"வாங்க, காட்டறேன்."

"ஏரூவ அறுத்தது போதாதுன்னு எங்களையும் நடக்க வைக்கிறியா?" என்றார். ஆனால் வந்தார்.

முதல் திருப்பத்திலேயே தெரிந்தது. தெரு முழுக்கப் பெண்கள். எல்லாரும் இளம் தாய்மார், கைகளை வீசிக்கொண்டு. இருவர் கைகோத்துக்கொண்டு போனார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. முடிவெட்டுபவரின் மனைவி ஓடிக்கொண்டிருந்தாள். யாரையும் துரத்தவில்லை, சும்மா ஓடினாள். மேலே எல்லா ஜன்னல்களிலிருந்தும் பாட்டு. ஒரு வீட்டில் எங்கள் நாடகம் முழுசாக நடந்துகொண்டிருந்தது. தொண்டை கட்டிய மோசே கணக்கு வாத்தியாருக்கு முன்னால் கடலைப் பிளந்துகொண்டிருந்தான்.

ஒரேலி தன் குடியிருப்பின் முன் குட்டிச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமனாரைப் பார்த்தும் எழவில்லை.

"ஷபாத் ஷாலோம், மாமா! என் கையப் பாருங்க. ரெண்டும் காலி!"

"இரட்டைங்க எங்கம்மா?"

"மேல. எவ்யதார் தலையில சட்டியக் கவுத்துக்கிட்டு ஆடறான். ரெண்டும் சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுக்குது. உங்க மகன் தூங்கறாரு. ஒரே குறைதான்." பெருமூச்சு விட்டாள். "சூரியகாந்தி விதை கொறிக்கணும் போல இருக்கு. எடுத்துட்டு வர முடியலையே."

பினினா வாயைப் பொத்திக்கொண்டாள். மக்லூஃப் மேல்மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பேரப்பிள்ளைகளின் சிரிப்பு கீழே வரை கேட்டது. என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"நேத்து நீ ஃபோன் பண்ணாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"எல்லாம் வழக்கம்போல வண்டி தள்ளிட்டு வந்திருக்கும். உன் மண்டபம் நெறஞ்சிருக்கும்."

"ஆமா."

பினினா என்னைப் பார்த்தாள். "உன் குழந்தைய எங்க விட்டே?"

"கம்பிய வெட்டின பொண்ணுகிட்ட."

மக்லூஃப் திரும்பினார். பினினா சிரிக்க ஆரம்பித்தவள், நிறுத்த முடியாமல் ஒரேலியின் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். மக்லூஃப் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், மெதுவாக, பலமுறை.

வீட்டுக்கு வந்தேன். நொகா ஷிலாத்தின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷிலாத் அசையவில்லை. "எழுந்துடுவான்னு பயந்து உக்காந்த எடத்துலயே இருக்கேன். கால் செத்துப்போச்சு" என்று கிசுகிசுத்தாள். மூச்சு விடுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் அது உறைத்தது.

மூன்று நட்சத்திரம் தெரிந்தது, ஷபாத் முடிந்தது, ஊரே குன்றடிக்கு வந்துவிட்டது. தள்ளுவண்டிகள், சக்கர நாற்காலி, சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு ஒரேலி. இவ்வளவு கூட்டத்தை நான் கிளையில் பார்த்ததே இல்லை. மசூத் புதுக் கம்பிச் சுருளோடும் குறட்டோடும் வந்தார். எழுத்துகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இது என் கம்பிதானே?"

"ஆமா" என்றாள் ஷிலாத்.

"இப்படியா வளைப்பாங்க? சூடு ஏறினதும் தொங்கிடும்." மண்டியிட்டு ஒரு எழுத்தின் வளைவைக் குறட்டால் முறுக்கிச் சரி செய்தார். எழுந்து பின்னால் போய் நின்றார். "இப்பக் கொளுத்து."

விடியல் என்று பொருள்படும் பெயர் வந்திருந்தது மூத்த குழுவுக்கு. ஆள் உயர எழுத்துகள் குன்றின்மேல் எரிந்தன. ஒன்றுகூடத் தொங்கவில்லை. நொகா என் இடுப்பில் இருந்து தீயைப் பார்த்துக் கத்தினாள். நானும் கத்தினேன்.

நவம்பர் 25, திங்கள்

மக்லூஃப் ஃபோன். "ஒருமனதா முடிவாயிடுச்சு. எப்போ சேர்றே?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களுமா?"

"நான் எங்க முடிவெடுத்தேன்? வேற யாரையாவது போட்டா மீனு சமைக்க மாட்டேன்னு ஒரேலி சொல்லிட்டா." பிறகு குரல் மாறியது. "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டேனே, மகளே. பதில் பாத்துட்டேன்."

எல்கானா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நொகாவுக்குப் பொறாமை. அவளையும் சுற்றினான்.

எனக்கே எனக்காக ஒரு முறை எழுதிக்கொள்கிறேன்: கிடைத்துவிட்டது.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் மசூத் கம்பி பார்க்கக் கிளம்பினபோது அவர் வண்டியின் பின்னால் ஷிலாத்தும் எவ்யதாரும். கேட்டது நாங்கள் இல்லை, அவர்தான். "வெட்டத் தெரிஞ்சவங்களுக்குப் பாக்கவும் தெரியணும்" என்று சொன்னாராம். வழி முழுக்கத் திட்டினாராம். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 14, ஞாயிறு

ஒன்றரை வருடம் கழித்து இந்த நோட்டு கிடைத்தது, நொகாவின் பொம்மைக் கூடையில். இரண்டேகால் வயது. பாதிப் பக்கங்களில் அவள் கைவண்ணம். முழுவதும் படித்தேன். அந்தப் பயந்தாங்கொள்ளி மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

ஷிலாத்துக்கு இன்று அனுப்பிய கடிதத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அன்புள்ள ஷிலாத்,

வடக்கே உன் தேசிய சேவையின் முதல் வருடம் முடியப்போகிறது என்று உன் அம்மா சொன்னாள். குளிர்காலம் முழுக்க அங்கே மழையாம், நீ குளிர்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தாயாம். இங்கே வா, வெயில் இருக்கிறது.

வெறுங்கை ஷபாத் இன்னும் நடக்கிறது, மாதம் ஒருமுறை. கம்பி முழுசாக இருந்தாலும்! அந்தப் பாட்டில் இப்போது புது வீடுகள் சேர்ந்து, மெட்டு கொஞ்சம் நீண்டுவிட்டது. பக்கத்து இரண்டு ஊர்களிலும் தொடங்கிவிட்டார்கள். போன வாரம் எனக்கு யார் ஃபோன் செய்தது தெரியுமா? நேர்காணலில் என்னோடு போட்டியிட்ட தோரோன். வடக்கே ஒரு ஊரில் பொறுப்பாளராம். எப்படிச் செய்வது, சொல்லித் தர முடியுமா என்று கேட்டான். முதலில் டீ எங்கே இருக்கிறது என்று கேள் என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். செப்டம்பரிலிருந்து நம் கிளைக்கு ஒரு தலைவி வேண்டும். வழக்கமாக வெளியூர்ப் பெண்ணைத்தான் அனுப்புவார்கள். நான் மேலிடத்தில் சண்டை போட்டு, இந்த ஒரு முறை உள்ளூர்ப் பெண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஏன் அவளே என்று கேட்டார்கள். என் குழந்தையை முதன்முதலில் நம்பிக் கொடுத்தது அவளிடம்தான் என்றேன். பினினா கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மசூத் உன்னை விசாரிக்கிறார். புதுப் பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடவே தெரியவில்லையாம்.

வருவாயா? யோசித்துச் சொல், ஆனால் ரொம்ப யோசிக்காதே. சீக்கிரம் பதில் எழுது.

ருஹாமா"